மாற்றாள் பட்டியல்

10.12.2025, புதன்.
பிழை: கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிய தாளில் 'இருபது நொடி சோப்புப் போட்டுத் தேய்க்கவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இருபது நிமிடம்' என்று தட்டச்சு செய்துவிட்டேன். காலை பத்தரைக்கு ஒட்டியது, மாலை நாலு மணிக்குத்தான் தெரிந்தது. அதற்குள் சுலைமான் அண்ணன் மூன்று தடவை இருக்கையை விட்டுப் போய் வந்திருக்கிறார். எங்கே போனீர்கள் என்று துணை வட்டாட்சியர் கேட்டதற்குத் தாளைக் காட்டினாராம்.
திருத்தம்: தாளை மாற்றிவிட்டேன்.
ஐயம்: இன்னும் எங்கெல்லாம் இப்படி இருக்கிறதோ.
நாளைய வேலை: ஒட்டிய தாள் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும்.

பவதாரிணியின் நாட்குறிப்பு இப்படித்தான் இருக்கும். பிழை, திருத்தம், ஐயம், நாளைய வேலை என்று நாலு தலைப்பு. அலுவலகத்தில் தங்களுக்கு வரும் தாள்களைப் பதிய எழுத்தர்கள் வைத்திருக்கும் தன்பதிவேட்டைப் பார்த்து அவளே கோடு போட்டுக்கொண்டது. அவனியாபுரத்தில் காலை ஏழேகாலுக்குக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, மதுரைக்கு மேற்கே ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவாள். திரும்பும் வழியில் பெரியார் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் துறைத்தேர்வுக்கான மாலை வகுப்பு. ஆசிரியர் எப்போதும் பத்து நிமிடம் தாமதமாக வருவார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாட்குறிப்பு எழுதுவாள்.

அவள் இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. தகுதிகாண் பருவத்தை நல்லபடியாக முடித்தாள் என்று ஆணை வந்தால்தான் வேலை நிலைக்கும். அந்தக் கோப்பு துணை வட்டாட்சியர் பாண்டியராஜனின் மேசையில், அவர் நாலு வரி குறிப்பு எழுதுவதற்காக, மூன்று வாரமாக பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. பவதாரிணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காய்ச்சல் பரவும் காலமாக இருப்பதால், தொற்றுநோய் வந்தாலும் மக்கள் வேலை நிற்காதபடி ஒவ்வொரு அலுவலகமும் திட்டம் போட வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். இதற்குப் பொறுப்பு அலுவலர் யார் என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். அன்றைக்குப் பவதாரிணி கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தாள். மறுநாள் கன்னம் வீங்கி வந்தபோது பொறுப்பு அலுவலர் ஆகியிருந்தாள்.

எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. நில அளவரிடம் நாடா வாங்கி, நாற்காலிக்கு நாற்காலி ஆறடி இருக்கிறதா என்று முட்டி போட்டு அளந்தாள். நோயாளியைத் தனியே வைக்க அறை வேண்டும். பூட்டு சாவியோடு இருந்தது ஒரே ஒரு அறைதான். அதில் பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய வேட்டி சேலைக் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு அடுக்கச் சொல்லி, கதவில் 'தனிமை அறை' என்று எழுதி ஒட்டினாள். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே காட்டும் தெர்மாமீட்டர் பீரோவில் கிடைத்தது. பேட்டரி இல்லை. பேட்டரி கேட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்.

கடைசியாக மாற்றாள் பட்டியல். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் வேலையை யார் பார்ப்பது? அதை அவளாக முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டாள்.

"எனக்கு நம்ம சுலைமான் மாமா இருக்காரு," என்றான் சான்றிதழ் பிரிவு செல்வக்குமார்.

"எனக்கு யாரு? இந்த மாப்ளதான்," என்றார் ஓய்வூதியப் பிரிவு சுலைமான். "என்னைய விட்டா இவனுக்கு நாதியில்ல. இவன விட்டா எனக்கு நாதியில்ல. எழுதிக்கம்மா."

முனீஸ்வரியும் சரண்யாதேவியும் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பவதாரிணிக்கு மாற்றாளாக யாரும் தன் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் 'பின்னர்' என்று எழுதினாள்.

ஒத்திகை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. நோயாளியாக நடிக்க செல்வக்குமார் ஒப்புக்கொண்டிருந்தான். அவன் உள்ளே வந்து இரண்டு முறை இரும வேண்டும், "எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது" என்று சொல்ல வேண்டும். அலுவலக உதவியாளர் அன்னக்கொடி தெர்மாமீட்டரைக் காட்டி "நூத்தி ரெண்டு" என்று சொல்ல வேண்டும். முனீஸ்வரி சுகாதார நிலையத்துக்குப் போன் செய்வதுபோல் செய்ய வேண்டும். நோயாளி தனிமை அறைக்கும், அவன் கோப்புகள் சுலைமான் மேசைக்கும் போக வேண்டும்.

செல்வக்குமார் வந்தான். இரண்டு முறை அல்ல, ஏழெட்டு முறை இருமினான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் மாப்ள, ரெண்டு இருமலுதான் பேசுனது," என்றார் சுலைமான். "நடிப்புக்குக் கப்பா குடுக்கப் போறாக?"

"எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது," என்றான் செல்வக்குமார்.

"நூத்தி ரெண்டு," என்றார் அன்னக்கொடி, பேட்டரி இல்லாத தெர்மாமீட்டரைப் பார்த்து.

"நல்லா செய்றான்யா," என்றார் பாண்டியராஜன். "கண்ணு கூட செவந்திருக்கு பாரு."

பவதாரிணி குறிப்பேட்டில், 'நோயாளி: எதிர்பார்த்ததைவிட இயல்பாக இருந்தார்' என்று எழுதிக்கொண்டாள். பதினாலு நிமிடத்தில் ஒத்திகை முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். செல்வக்குமார் சேலைக் கட்டின் மேல் படுத்திருந்ததையும் ஒன்று எடுத்தார்கள்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு மணி. நீதிமன்றத்தில் கழித்துக்கட்டிய பழைய நீள மேசை ஒன்று பின்வராந்தாவில் கிடக்கும். எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். பவதாரிணி மட்டும் தேர்வுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தன் இருக்கையிலேயே சாப்பிடுவாள். அன்றைக்கு செல்வக்குமார் தனிமை அறையை விட்டு மேசைக்கு வரவில்லை. சுலைமான் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனிமை அறைக்குப் போனார்.

கால் மணி நேரம் கழித்து அன்னக்கொடியின் குரல் கேட்டது.

"ஏ பாப்பா! இங்க ஓடியா! பய கொதிக்கிறான், அடுப்பு மாதிரி! நீங்க பாட்டுக்குப் போட்டோ புடிச்சுக்கிட்டு இருக்கீக!"

பவதாரிணி ஓடினாள். செல்வக்குமார் சேலைக் கட்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான். சுலைமான் கையில் பிசைந்த சோற்று உருண்டை.

"நானும் பாக்கேன், தின்ன மாட்டேங்கிறான்," என்றார் சுலைமான். "நாலு வாய் ஊட்டிவிட்டேன். மிச்சத்த நான் தின்னேன். எங்க வீட்டுக்காரி சைனப் ஆக்குன தால்ச்சா, வீணாக்கலாமா?"

"ஏண்ணே, காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பவதாரிணி செல்வக்குமாரிடம்.

"சொன்னேனேம்மா," என்றான் செல்வக்குமார், கண்ணைத் திறக்காமல். "அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னேன்."

"வீட்லயே இருந்திருக்கலாம்ல?"

"டிசம்பர் மாசம் எவன்கிட்ட சி.எல். லீவு மிச்சம் இருக்கு? அதோட நான் வரலைன்னா நோயாளிக்கு யாரு இருக்கா? உன் லிஸ்ட்ல நோயாளிக்கு மாத்து ஆள் போடலயே."

அது உண்மைதான். அவள் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சுலைமான் வரவில்லை. முனீஸ்வரி வந்தாள், பதினோரு தும்மல் தும்மிவிட்டு மதியமே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை சரண்யாதேவியும் வரவில்லை. நாலு மேசை காலி. சான்றிதழ் மேசையின் மாற்றாள் ஓய்வூதிய மேசை, ஓய்வூதிய மேசையின் மாற்றாள் சான்றிதழ் மேசை. இரண்டும் படுத்துவிட்டன. சன்னலுக்கு வெளியே வரிசை வேப்பமரத்தடி வரைக்கும் போயிற்று. பவதாரிணி நாலு மேசைக்கும் மாறி மாறி ஓடினாள்.

"மூணு நாளா நடையா நடக்கேன். ஆபீசுக்கே சீக்கு வந்துருச்சாம்ல?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"போன வாரம்தான் ஒத்திகை பாத்தாக. இப்ப நெசமாவே நடத்துறாக," என்றார் இன்னொருவர்.

மதியம் அன்னக்கொடி வந்து புத்தகத்தை மூடினார். "எம்புட்டு நேரம் ஓடுவ? வா, மேசையில உக்காந்து தின்னு. அங்க ஆளே இல்ல."

ஆள் இல்லைதான். நீள மேசையின் வடக்கு முனையில் எதிரெதிராக இரண்டு நாற்காலி காலி. தெற்கு முனையில் ஒட்டி ஒட்டி இரண்டு காலி. பவதாரிணி சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இந்த ரெண்டு நாற்காலில யாரு உக்காருவாங்க?"

"செல்வமும் சுலைமான் பாயும். ஒரே டப்பா மாதிரிதான். அந்தக் கடைசில முனீசும் சரண்யாவும். ஒருத்தி கொண்டாந்த கூட்டு பொரியல இன்னொருத்தி தட்டுலதான் வைப்பா. இது ஒனக்குத் தெரியாதாக்கும்?"

தெரியாது. பவதாரிணி எச்சில் கையோடு எழுந்து போய், கையைக் கழுவி (இருபது நொடி), பட்டியலை எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள். வேலையை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டிருந்தாள். ஆளாளுக்கு, யாரோடு சாப்பிடுகிறார்களோ அவர் பெயரைச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சலும் அதே ஜோடி ஜோடியாகப் போயிருந்தது. நாற்காலிக்கு நாற்காலி அளந்தவள் இந்த மேசையை அளக்கவில்லை, ஏனென்றால் இது யாருடைய இருக்கையும் இல்லை.

அறிக்கை அனுப்பக் கடைசி நாள் அன்றுதான். வெள்ளிக்கிழமையே அவள் தட்டச்சு செய்து வைத்திருந்தாள்: 'ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது. மாற்று ஏற்பாடுகள் முழுமையாக உள்ளன.' நாலு மணிக்குப் பாண்டியராஜன் கூப்பிட்டபோது அந்தத் தாள் அவர் முன்னால் இருந்தது. பக்கத்தில் அவளுடைய கோப்பு, முதல் தடவையாக பேப்பர் வெயிட் இல்லாமல், திறந்து இருந்தது.

"ரெண்டையும் இன்னைக்கே முடிச்சிருவோம்மா," என்றார் அவர், பேனா மூடியைக் கழற்றியபடி. "ஒன்னோடதும் ரொம்ப நாளாக் கெடக்கு."

பவதாரிணி கையிலிருந்த இன்னொரு தாளை நீட்டினாள். அவர் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது என்ன, ரெண்டாவது அறிக்கையா?"

"ஆமா சார். மொதல்ல உள்ளது தப்பு."

"யாரு தப்பு?"

"என்னோடதுதான் சார். பட்டியல் போட்டது நான்."

பாண்டியராஜன் நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, ஒத்திகை நடந்துச்சா இல்லையா? நடந்துச்சு. போட்டோ இருக்கா? இருக்கு. யாரும் வந்து சோத்து டப்பாவத் தெறந்து பாக்கப் போறாகளா?"

"இல்ல சார். ஆனா நாலு சீட்டு காலியா இருக்கு சார்."

"எனக்குத் தெரியாதாக்கும்? காலையில இருந்து ஜனம் என்னையத்தான வையிது." அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்தா பாரு. இத அனுப்புனா, மறுபடி திட்டம் போடு, மறுபடி ஒத்திகை நடத்துன்னு வரும். இந்தப் பக்கம் 'திட்டத்தில் பிழை'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அந்தப் பக்கம் ஒன் ஃபைல்ல 'பணி திருப்தி'ன்னு நான் இன்னைக்கு எழுத முடியாது. ரெண்டாவது ஒத்திகை முடியட்டும்னு நிப்பாட்டித்தான் வைக்கணும். ஜனவரியோ, பிப்ரவரியோ. யோசிச்சுச் சொல்லு."

பவதாரிணி யோசித்தாள். முதல் தாளில் தட்டச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை. மூன்று முறை சரி பார்த்தது. இரண்டாவதை அவசரத்தில் அடித்ததால் இரண்டு இடத்தில் பிழை இருக்கலாம் என்று தோன்றியது. வெளியே வரிசையில் யாரோ சன்னலைத் தட்டிக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டாவத அனுப்புங்க சார்," என்றாள். "ஆனா ஒருக்கா குடுங்க, எழுத்துப் பிழை பாத்துர்றேன்."

அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "பொழைக்கத் தெரியாத புள்ளம்மா நீ," என்றார். பிறகு, அவள் பார்த்துத் தந்ததும், இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டார். அவளுடைய கோப்பை மூடி, நாடாவைக் கட்டி, பின்னால் இருந்த பீரோவில் வைத்தார். பேப்பர் வெயிட் வெறும் மேசையில் உருண்டது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது ஒத்திகைக்காச்சும் அந்தத் தெர்மாமீட்டருக்கு பேட்டரி போடுங்க. மானம் போகுது."

மாடி வகுப்பில் ஆசிரியர் இன்னும் வரவில்லை. பவதாரிணி நாட்குறிப்பை எடுத்தாள்.

16.12.2025, செவ்வாய்.
பிழை: மாற்றாள் பட்டியல், முழுவதும்.
திருத்தம்: அறிக்கை மாற்றி அனுப்பப்பட்டது. தகுதிகாண் கோப்பு பீரோவில், இரண்டாவது தட்டு.
ஐயம்: செய்தது சரிதானா என்று தெரியவில்லை. தொண்டை லேசாகக் கரகரக்கிறது. அது வெறும் நினைப்பாகவும் இருக்கலாம்.
நாளைய வேலை: பேட்டரி இரண்டு வாங்க வேண்டும். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று அன்னக்கொடி அக்காவிடம் கேட்டு எழுத வேண்டும். வடக்கு முனைக்குத் தெற்கு முனையிலிருந்து மாற்றாள் போட வேண்டும். நோயாளிக்கு ஒரு மாற்றாள். எனக்கும் ஒருவர்.