மரக்கட்டைக் குடும்பம்

சாந்தா மார்த்தா துறைமுகத்தை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் அன்று இருந்தவர்கள் மூவர். ஜன்னலோரம், நுண்ணோக்கி முன்னால் நூரிஸ். மின்விசிறிக்கு நேர் கீழே, வேறு யாரும் உட்காரத் துணியாத மர நாற்காலியில், இந்த மாதம் ஓய்வுபெறும் வாத்தியார் அன்செல்மோ. கதவருகே கவிழ்த்த மீன்பெட்டியின் மேல், காப்பி போடும் எதில்மா.

மேசைமேல், தலைநகர அருங்காட்சியகத்துக்கு நூரிஸ் எழுதிய கடிதம் ஒட்டப்படாமல் கிடந்தது. ஆழ்கடலிலிருந்து வாத்தியாரின் வலையில் வந்த ஊறிய மரக்கட்டை ஒன்றில் நகமளவு நட்சத்திர மீன்கள் அப்பியிருந்தன. மூழ்கிய மரத்தையே வீடாகக் கொண்ட குடும்பம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும், உடம்பின் ஓரத்தைச் சுற்றி அடுக்கியிருக்கும் விளிம்புத் தட்டுகள் குறைவு. புது இனம் என்றது கடிதம். புது இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் அசிங்கம். ஆகவே நூரிஸ் வாத்தியாரின் பெயரை வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு புழுவுக்குக்கூட யாரும் அவர் பெயரை வைத்ததில்லை.

“ஏன் புள்ள, மூஞ்சி தொங்குது?” என்றாள் எதில்மா.

ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை, எல்லா மீன்களையும் அளவுப்படி வரிசையாக அடுக்கியிருந்தாள் நூரிஸ். உடம்பு பெரிதாகப் பெரிதாகத் தட்டுகளும் கூடின. அந்தப் ‘புது இனம்’ எல்லாவற்றிலும் சிறியதாக, வரிசையின் வாலில் சமர்த்தாகப் பொருந்தியது.

“வாத்தியாரே, இது புதுசு இல்ல. அதுங்களோட குட்டி. தனிக் கிண்ணத்துல வச்சுக் கொஞ்சினோமே தவிர, கூடப்பொறந்ததுங்க பக்கத்துல ஒருநாளும் வச்சுப் பாக்கல.”

அன்செல்மோ எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

“நட்சத்திர வடிவத்துல கேக்குக்குச் சொல்லிட்டா என் பொண்டாட்டி,” என்றார். பிறகு மெல்ல, “அப்படியே அனுப்பிட்டா?”

“அனுப்பலாம். கூடிய சீக்கிரம் வேற யாராவது அடுக்கிப் பாப்பாங்க. உங்க பேரை அடிச்சிருவாங்க.”

எதில்மா காப்பியை நீட்டினாள். “இந்த மீனுங்க கட்டையில ஒட்டிக்கிட்டா லேசுல நகராதுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா.”

“அப்புறம் பேரு எதுக்கு வாத்தியாரே? அந்த நாற்காலியப் பாத்தாலே நீங்க எந்தக் குடும்பம்னு நானே சொல்லிருவேன்.”

நூரிஸ் சிரிப்பை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்செல்மோ தொப்பையைத் தட்டிக்கொண்டார்.

“எழுதிக்கோ. விளிம்பு அகலம். முழு வளர்ச்சி.”

நூரிஸ் புதுக் கடிதம் எழுதினாள்: தெரிந்த இனம்தான், ஆனால் குட்டி முதல் பெரியது வரை ஒரே கட்டையில் கிடைத்திருப்பது அபூர்வம், சேகரித்தவர் அன்செல்மோ பெர்த்தூஸ். அவர் இரண்டு தடவை படித்தார். உறையைத் தானே வாங்கி, நாக்கில் தடவி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி எதில்மாவிடம் கொடுத்தார்.

“தபாலாபீசுக்கு ஓடு. நான் மனசு மாறுறதுக்குள்ள.”