இடது பக்கத்துக் கை

காரின் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பின்சீட்டில் கிடத்திவிட்டு, ஸ்க்ரூக்களை ஒரு டீ சாஸரில் போட்டு, "அங்கருந்து தெரியுதா?" என்று கேட்டார் தாவூத். கேட்டது வீட்டு ஜன்னலைப் பார்த்து. உள்ளே கட்டிலில் அவர் மனைவி ரஹமத் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தெரிகிறது என்பதற்கு அடையாளமாகக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். இப்போதெல்லாம் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழித்தாள்.

வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அவள் பிறந்த ஊரான வல்லத்திலிருந்து தாவூத் பச்சை வேர்க்கடலை வரவழைத்து, உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தார். ஒன்றைக் கடித்துவிட்டுப் போதும் என்றாள். இன்று காலையில்தான் அவளாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். திண்டிவனத்திலிருந்து வந்திருந்த மகள் லுப்னாவைக் கூப்பிட்டு, பீரோவின் அடித்தட்டில் கல்யாணப் புடவைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், எடுத்து அத்தாவிடம் கொடு என்றாள்.

பெட்டியைப் பார்த்ததும் தாவூத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்குமே, இண்டிகேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் சேர்த்து, அந்த ஸ்விட்ச். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் வாங்கி, பஸ்ஸில் விட்டுவிட்டோம் என்று தன்னைத்தானே திட்டித் தீர்த்த அதே பெட்டி. மேலே ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

"இது எப்டி இங்க வந்துச்சி?"

"நான்தான் எடுத்து ஒளிச்சி வச்சேன்," என்றாள் ரஹமத். "இத மாட்டிட்டீங்கன்னா அப்புறம் எனக்கு இன்னா வேலை?"

கார் என்னவோ நல்ல கார்தான். யாரோ ஒரு தாசில்தார் ஆண்டு அனுபவித்துவிட்டு விற்ற வெள்ளைக் கார். வாங்கிய மறு வருஷமே அதன் குச்சிக்குக் கிறுக்குப் பிடித்தது. வலது பக்கம் தள்ளினால் சொன்ன பேச்சைக் கேட்கும். இடது பக்கம் தள்ளினால் விளக்கு ஒரு தடவை கண்ணடித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஹெட்லைட்டும் அப்படியே, விரலால் முறுக்கிப் பிடித்திருக்கும்வரை எரியும், விட்டால் அணைந்துவிடும். அதனால் இருட்டுவதற்குள் வீடு திரும்புவது குடும்பத்துக்கு வழக்கமாயிற்று. இடது பக்கம் திரும்புவதற்கு ரஹமத் இருந்தாள்.

"கை" என்பார் தாவூத். அவள் புர்கா கையை முழங்கைவரை ஏற்றிவிட்டு, கண்ணாடி வளையல் குலுங்க இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவாள். காட்டிட்டேன், திரும்புங்க என்பாள். செஞ்சியில் அந்தக் கை பிரபலம். கூட்டுரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் அதைப் பார்த்ததும் பஸ்ஸையே நிறுத்துவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தங்களுக்குத்தான் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்துத் திருப்பிக் காட்டுவார்கள். ஒரு தடவை கொய்யாப்பழக்காரர் ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தள்ளுவண்டியோடு பின்னாலேயே ஓடிவந்துவிட்டார். பாவம், வெறுங்கையாக அனுப்ப மனமில்லாமல் கூடைக்கொய்யா வாங்கி, தெரு முழுக்கக் கொடுத்தார்கள்.

ஒரு தடவை வல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் அங்கே ஏதோ ஒன்றுக்காக இருவருக்கும் முறுக்கிக்கொண்டது. எதற்கு என்று இப்போது கேட்டால் இருவருக்குமே தெரியாது. அப்படியே செஞ்சிக்குத் திரும்பினார்கள். வீட்டுத் தெரு இடது பக்கம் வந்தது. அவள் கை காட்டவில்லை; அவர் கை என்று கேட்கவில்லை. தெரு பின்னால் போயிற்று. ஊர் முடிந்தது, இரண்டு பக்கமும் கோட்டை மலைகள் வந்து போயின, திருவண்ணாமலை ரோட்டில் வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு டீக்கடையைப் பார்த்ததும், அவள் கை தானாக ஜன்னலுக்கு வெளியே நீண்டது. அன்று குடித்த டீயைப்போல் ஒரு டீயை அதற்குப் பிறகு தாவூத் குடித்ததில்லை.

அவளா இப்போது ஸ்விட்ச்சை எடுத்துக் கொடுக்கிறாள்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பெட்டியை ஓரமாக வைக்கப் போனார்.

"இன்னிக்கே மாட்டிடுங்க," என்றாள் ரஹமத். "நாளைக்கு யாரு கை காட்டுவா?"

அப்படிப் பேசாதே என்று அதட்ட நினைத்தார் தாவூத். அதட்டாமல் பெட்டியின் டேப்பைப் பிரித்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் லுப்னா. அதற்கும் ரஹமத் சம்மதிக்கவில்லை. மெக்கானிக் வந்தால் வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப் போய்விடுவார். அவளுக்கு எல்லாம் ஜன்னலுக்கு எதிரில் நடக்க வேண்டும். லுப்னா மொபைலில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்து அப்பாவுக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படித்தான் தாவூத் பேட்டரி வயரைக் கழற்றினார், ஸ்டியரிங் நடுவிலிருந்த பெரிய நட்டை நெம்பினார், கழற்றும்போது சக்கரம் எப்படி நின்றதோ அப்படியே திரும்ப மாட்ட வேண்டும் என்று லுப்னாவின் நெயில்பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். உள்ளே பழைய கிரீஸ் பாகாக இறுகிக் கிடந்தது. பழைய ஸ்விட்ச்சை உருவி எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். ரஹமத் உதட்டோரம் சிரித்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு நன்றி இருந்திருக்க வேண்டும்.

புதியதை மாட்டி, ஸ்டியரிங்கைக் கோட்டுக்கு நேராக வைத்து, நட்டை முறுக்கி, வயரைக் கொடுத்தபோது வெயில் ஏறியிருந்தது. குச்சியை இடது பக்கம் தள்ளினார். கையை எடுத்தார். குச்சி அப்படியே நின்றது; விளக்கு விடாமல் கண்ணடித்தது.

ஜன்னலுக்கு உள்ளிருந்து லுப்னாவின் குரல் வந்தது. எரிகிறதாம், அம்மா பார்த்துவிட்டதாம், உங்களைக் கூப்பிடுகிறது என்றாள்.

தாவூத் உள்ளே போனார். ரஹமத் வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கை. வளையலை ஆஸ்பத்திரியிலேயே கழற்றிவிட்டார்கள்.

"கையக் குடுங்க."

அவர் தன் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டுவரை கறுப்பு. "ஒரே கிரீஸா இருக்குது, ரஹமத்து. கழுவிட்டு ஓடியாந்துடுறேன்," என்றார்.

இந்த இடத்தில் தாவூத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைத்தெருவில் அவருக்குச் செருப்புக் கடை. நாளெல்லாம் ஊரார் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிப் பார்க்கிற தொழில். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கை கழுவாமல் சோற்றையோ பெண்டாட்டியையோ பிள்ளையையோ தொட மாட்டார். கல்யாணமான புதிதில் ரஹமத் கொல்லைப்புறக் கதவில் சாய்ந்து நின்று, இன்னும் எத்தனை சோப்புதான் கரைப்பீர்கள் என்று கேலி செய்வாள். தேய்த்துத் தேய்த்து அவர் ரேகையே அழிந்துவிட்டது என்பாள். முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கம். நல்ல பழக்கம்தான், யார் குறை சொல்வது?

கொல்லைப்புறக் குழாயடியில் தேங்காயெண்ணெயைத் தடவி, நாரால் தேய்த்து, துணி சோப்புப் போட்டுக் கழுவினார். முக்கால்வாசி போய்விட்டது. அப்படியே வந்திருக்கலாம். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. வெள்ளைப் போர்வை, அவள் கை, இந்த நகம். இன்னொரு தடவை சோப்புப் போட்டார்.

"அத்தா" என்று லுப்னா கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. அந்தக் கூப்பிடலில் எல்லாம் இருந்தது.

ஈரக் கையோடு ஓடிவந்தார். தலைமாட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓத வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அந்தத் தெருவில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டுகிறவர், ரஹமத்தின் கண்களை மூடிவிட்டு, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கை போர்வைமேல் நீட்டியபடியே கிடந்தது. தாவூத் குனிந்து அதை எடுக்கப் போனார்.

பெரியம்மா நடுவில் தன் கையை வைத்தார்.

"வேணாம்பா, தாவூத்து. மூச்சு நின்னதும் நிக்காஹ் முடிஞ்சிச்சி. மொகத்தப் பாரு, எம்மா நேரம் வேணும்னாலும் பாரு. தொடக் கூடாது."

வேறு ஊர்களில், வேறு ஜமாஅத்துகளில் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று கேள்வி. இந்தத் தெருவில் இதுதான் வழக்கம். தாவூத்துக்குத் தெரியாததில்லை. அண்ணி மௌத்தானபோது, கட்டிலை நெருங்கிய அண்ணனின் தோளைப் பிடித்து, விடுங்க அண்ணே என்று விலக்கி நிறுத்தியவர் அவர்தான். அன்று அண்ணன் ஏன் தன்னை அப்படி முறைத்தார் என்று இப்போதுதான் புரிந்தது. பெரியம்மாவைத் தள்ளிவிட்டு அந்தக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணம் உடம்பு முழுக்கத் துடித்தது. அவருக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்தக் கை வேண்டும். ஆனால் காலம் முழுக்க ஒரு வழக்கத்தைச் சரி என்று தலையாட்டிவிட்டு, தன் முறை வந்ததும் எப்படி மாறுவது? பின்னால் நகர்ந்தார். விரலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெண்கள் வரத் தொடங்கியதும் ஆண்கள் வெளியே போனார்கள். தாவூத் கூடத்து மூலையில் லுப்னாவை நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டார்.

"எதுனா சொன்னாளா?"

லுப்னா சொல்லலாமா என்று யோசித்தாள். "'இன்னும் கழுவுறாரா'ன்னு கேட்டுச்சி அத்தா," என்றாள். "சிரிச்சிக்கினேதான் கேட்டுச்சி. நான் கையப் புடிச்சிக்கினுதான் இருந்தேன்."

சிரித்துக்கொண்டு என்பது மகள் சேர்த்ததாகவும் இருக்கலாம். அவர் அதைத் துருவவில்லை. அம்மாவைப் பிடித்திருந்த மகளின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்குத் தொட உரிமை இருந்தது. பெற்ற மகள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

வல்லத்திலிருந்து ரஹமத்தின் தம்பி பிலால் ஆட்களோடு வந்துவிட்டான். எதிரில் நின்ற காரைச் சாவி கேட்டு வாங்கித் தெருமுனைக்கு நகர்த்திவைத்தான். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, கடைசியாக முகம் பார்க்க தாவூத்தைக் கூப்பிட்டார்கள். கற்பூர வாசனை. முகம் மட்டும் தெரிந்தது, கைகள் துணிக்குள் போய்விட்டிருந்தன. இடது கை எந்த இடத்தில் இருக்கும் என்று துணிமேல் அவர் கண் தேடியது. போதுமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். போதும் என்று தலையாட்டினார். போதவில்லை.

மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து அவளைச் சுமந்து சந்தூக் கிளம்பியது. தாவூத் முன்னால் இடது பக்கத்துக் கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டார். மற்ற கம்புகளில் தோள்கள் மாறிக்கொண்டே இருந்தன; இவர் மட்டும் கபர்ஸ்தான்வரை யாருக்கும் மாற்றித் தரவில்லை. நடக்க முடியாத வல்லத்துக் கிழவர்களை ஏற்றிக்கொண்டு பிலால் காரில் பின்னால் வந்தான்.

குழிக்குள் இறக்க பிலாலும் அவன் பெரியப்பா மகனும் இறங்கினார்கள். கையெட்டும் ஆழத்தில் பலகை அடுக்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போடுகிற நேரம் வந்தது. முதலில் தாவூத்தை முன்னால் விட்டார்கள்.

மண் ஈரமாக இருந்தது. கைக்கொள்ளுகிற அளவு அள்ளினார். மற்றவர்கள்போல் எறியவில்லை, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைக் கீழே பலகைவரை நீட்டி, அங்கே மெல்ல விட்டார். இரண்டாவது பிடியும் அப்படித்தான். மூன்றாவதை விட்ட பிறகும் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. உள்ளங்கை அந்த மண்மேல் பதிந்திருந்தது. மண் குளிர்ச்சியாக இருந்தது.

துஆ ஓதி முடிந்ததும் ஆட்கள் கேட் ஓரத்துக் குழாய்க்குப் போய், வரிசையில் நின்று கை கழுவிக்கொண்டார்கள். தாவூத் அந்தப் பக்கம் போகாமல் நேராகக் காருக்கு நடந்தார்.

"மச்சான், கை கழுவிக்குங்க. தண்ணி நல்லா வருது," என்றான் பிலால்.

"இருக்கட்டும்டா. சாவியக் குடு."

பிலால் கொடுத்தான். சுற்றிப் போய் இடது பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். தாவூத் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் இருந்த மண் அதில் அப்பியது. பிலால் டேஷ்போர்டிலிருந்த துணியை எடுத்துத் துடைக்கக் கை நீட்டினான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். துணியை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தான்.