ரோவீனா கண் விழிக்கிற வரைக்கும்

நாற்பத்தோராயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ரோவீனாவின் ரத்தத்தில் அவ்வளவுதான் மிச்சம். மாமியார் பிலோமினா இரண்டு மாதமாக மூஸ் மான் ஈரலை வறுத்து வறுத்துத் திணித்தாள். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காயாய் வீங்கியது. தட்டணு மட்டும் ஏறுவேனா என்றது.

குழந்தையோ தலையைக் கீழே வைக்காமல், புட்டத்தை வாசலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தது. "உன் குடும்பத்துப் புத்தி," என்றாள் புருஷன் டெர்மட்டிடம். ஆக, சிசேரியன். ஊரிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி செயின்ட் ஜான்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் கட்டிலோரம் நின்று சொன்னார். "முதுகுல ஊசி போட முடியாதும்மா. உள்ள ரத்தம் கசிஞ்சா கால் விளங்காமப் போயிரும். முழுசாத் தூங்க வச்சுத்தான் எடுக்கணும். வீட்டுக்காரரும் உள்ள வர முடியாது."

"அப்ப என் பிள்ளைய மொதல்ல யாரு பாப்பாங்க?"

"நாங்கதான்."

"நீங்க கணக்குல இல்ல. அப்புறம்?"

ரோவீனாவுக்கு விடை தெரியும். வராந்தாவில் பிலோமினா கையில் போனோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் கேட்க டெர்மட் மோதிரம் வாங்கிய சேதி ரோவீனாவுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்தது அந்த வாயால்தான். சுமந்தவள், வாந்தியெடுத்தவள், ஈரலும் தின்றவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஊர் மீன்கடைக்காரன்கூட அதற்குள் பிள்ளையின் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். நினைத்தபோதே அழுகை முட்டியது. செத்துப்போவோமோ என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

டெர்மட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் பாக்குற வரைக்கும் உங்கம்மா பாக்கக் கூடாது. நீயும் பாக்கக் கூடாது. பாத்தே, தொலைச்சுப்புடுவேன்."

"கையில வாங்கிட்டு எப்படிடி பாக்காம இருக்கறது?"

"அது உன் பாடு."

பனிக்கடலில் நண்டு பிடிக்கிறவன் டெர்மட். எந்தக் காற்றுக்கும் அசையாதவன், தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். "நீ எந்திரிச்சு வந்தாப் போதும்," என்றான்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தாள். தொண்டை எரிந்தது, வயிறு கிழிந்தாற்போல் வலித்தது. "ரெண்டு பை தட்டணு ஏத்துனோம். இப்ப ரத்தம் நின்னுருச்சு," என்றாள் நர்ஸ், கட்டிலைத் தள்ளிக்கொண்டே. "பொண்ணா பையனான்னு சொல்ல மாட்டேன். உங்க வீட்டுக்காரர் அடிக்க வர்றாரு."

அறை வாசலில் பிலோமினா நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். "பெத்த தாய் எனக்கே காட்ட மாட்டேங்கிறானே! ஈரல் ஆக்கிப் போட்டது யாரு?"

உள்ளே டெர்மட் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கம்பளித் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். மார்பில் ஒரு துணி மூட்டை.

"ஒன்றரை மணி நேரமா இப்படித்தான்," என்றாள் நர்ஸ். "பால் புட்டிய ரெண்டு தடவ பிள்ளையோட காதுல வச்சாரு."

"ரோவீனா, நீதானா?"

"நான்தான். கொண்டா."

தடவித் தடவி வந்து மூட்டையை அவள் மேல் வைத்தான். துணியை விலக்கினாள். பெண். சிவந்த முகம், மேலே தூக்கிய மூக்கு, யார்மீதோ குறை சொல்லப் போவதுபோல் பிதுங்கிய கீழுதடு. ரோவீனா சிரித்தாள். தையல் சுரீரென்றது, கண்ணீரும் வந்தது.

"என்னடி? யார மாதிரி இருக்கு?"

"தொப்பிய எடுக்காத. இன்னும் கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் இருக்கட்டும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் உங்கம்மாவக் கூப்பிடு. அவங்க மூஞ்சிய அவங்களே வந்து பாத்துக்கட்டும்."