நடுக் கொட்டகை

சண்முகநாதன் செத்தவீட்டுக்கு வந்தபோது பெட்டியை இன்னும் மூடவில்லை. எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்குள் அவர் கால்வைத்து நான் கண்டதில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் தெருவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். நாங்கள்தான் போவோம். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து யோகராசாவின் கால்மாட்டில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு செத்தவனின் தம்பி சுதாகரனைக் கூப்பிட்டார்.

"கொண்ணை என்ரை தோட்டத்தில இருபது வருசம் மருந்தடிச்சவன். அவனை மூலைக்குள்ள போட்டு எரிக்காதையுங்கோ. நடுக் கொட்டகையில வையுங்கோ. விறகும் நான் அனுப்பிறன்."

"கோட்டுத் தடை இருக்கே, ஐயா?"

"செத்தது உங்கடை ஆள். வழக்குப் போட்டதும் நீங்கள். பிறகு ஆர் போய் முறையிடப் போறது? பொலிசோட நான் கதைக்கிறன்."

சுதாகரன் தலையைத் திருப்பிச் சுடலைப் பக்கம் பார்த்தான். அவன் முகத்தில் ஆசை தெரிந்தது.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் சுடலை தொடங்குகிறது. கடைசி வீடு யோகராசாவுடையது. அவன் வேலியில் இருந்து முப்பது அடியில் பிரேதம் எரியும். சுடலையின் நடுவில் சீமெந்துத் தூணும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. அது சண்முகநாதன் போன்ற தோட்டக்காரருக்கு. எங்களுக்கு மழைத்தண்ணி தேங்கும் மேற்கு மூலை. என் அப்பரை அங்கேதான் வைத்தோம். மழை பெய்து பாதியில் நூர்ந்துபோய், அடுத்தநாள் மண்ணெண்ணெய்க் கானோடு திரும்பப் போனேன். அதை இதற்குமேல் எழுத மாட்டேன்.

புகைக்கு எதிராகப் பிரதேச சபைக்குப் பதினேழு மனுக் கொடுத்தோம். பதினேழிலும் நான் கையெழுத்து வைத்தேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. சண்முகநாதன் ஆட்களின் சுடலைச் சபை கொட்டகையைப் பெருப்பிக்கச் சுவர் கட்டத் தொடங்கியபோது, சுதாகரனும் இரண்டு பேரும் அலவாங்கு கொண்டுபோய் இடித்தார்கள். பதினாலு நாள் மறியலில், கம்பிக்குள் கிடந்தார்கள். சுவர் இடித்த வழக்கு இன்னும் நடக்கிறது. அதற்குப் பிறகுதான் பெண்கள் இறங்கினார்கள். சுடலை வாசலில் தறப்பாள் கட்டிக்கொண்டு தொண்ணூற்று மூன்று நாள் இருந்தார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது ஊர் வழக்கம். வாசலை மறித்துப் பெண்கள் இருந்தால் பிரேதத்தோடு வருகிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. முன்வரிசையில் யோகராசாவின் மனுசி உதயகலா இருந்தாள்.

யோகராசா அதை நம்பவில்லை. "இருந்து இருந்து ஒருநாளைக்கு உங்களுக்கு வேர்தான் விடப்போகுது" என்று பகிடி பண்ணுவான். பகிடி பண்ணிவிட்டு இருமுவான். இருமல் நிற்கக் கால்மணி நேரம் எடுக்கும்.

கடைசியில் தர்சிகா என்ற சட்டத்தரணிப் பிள்ளை காசு வாங்காமல் வழக்குப் போட்டாள். வழக்கின் அடுத்த தவணை வரும்வரை அந்தச் சுடலையில் எவரையும் எரிக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. எதனால் வந்தது என்று ஒழுங்கையில் அன்றே சண்டை. தான் சுவரை இடித்தபடியால்தான் விசயம் கோட்டுக்கே போனது என்றான் சுதாகரன். தாங்கள் வெயிலில் கிடந்தபடியால் என்றார்கள் பெண்கள்.

தடை வந்து பத்தொன்பதாம் நாள் யோகராசா செத்தான்.

சண்முகநாதன் போனதும் உதயகலா தர்சிகாவுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கப் போட்டாள்.

"அக்கா, ஒரு பிரேதம் போதும். வழக்குப் போட்ட ஆக்களே எரிக்கினம் எண்டு சண்முகநாதன் ஆக்கள் படத்தோட கோட்டுக்கு வருவினம். தடை அண்டைக்கே போயிடும்."

"கேட்டனியே?" என்றாள் உதயகலா.

"கேட்டனான், மச்சாள்," என்றான் சுதாகரன். "எங்கடை பரம்பரையில ஒருத்தன் அந்தக் கூரைக்குக் கீழ எரிஞ்சிருக்கிறானோ? அண்ணை எரியட்டும். அவங்கள் படம் எடுக்கட்டும். ஊரெல்லாம் பாக்கட்டும்."

"கூரைக்குக் கீழ எரிஞ்சாலும் புகை என்ரை குசினிக்குள்ளதான் வரும்."

"உங்களுக்குக் குசினிதான் பெரிசு."

"ஓம். நான்தான் அதுக்குள்ள நிக்கிறனான்."

அவள் சொன்னது ஆண்களுக்கு ஏறவில்லை. எனக்கும் ஏறவில்லை என்பதுதான் உண்மை. நடுக் கொட்டகை என்ற சொல் எல்லாருக்குள்ளும் கள்ளுப்போல இறங்கிவிட்டது. இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கினோம். முன்னுக்கு நானும் சுதாகரனும். கனகாலமாய் இருமி மெலிந்த வருத்தக்காரன், பாரம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. பெண்கள் படலையில் நின்று குழறினார்கள். உதயகலாவின் குரல் அதற்குள் இல்லை.

அவள் வேலிக்குள்ளால் பூந்து எங்களுக்கு முந்திப் போயிருந்தாள். சுடலை வாசலில், தறப்பாள் கட்டியிருந்த அதே இடத்தில், தெருவுக்குக் குறுக்கே சம்மணம் கட்டி இருந்தாள். அவளுக்குப் பின்னால் கொட்டகையில் விறகு அடுக்கித் தயாராக இருந்தது. சண்முகநாதனின் மருமகன் தூணோடு சாய்ந்தபடி போனை எங்கள் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எழும்புங்கோ, மச்சாள்."

"மாட்டன்."

"உங்கடை புருசன், மச்சாள்!"

"அது எனக்குத் தெரியாதே? தோட்டக்காரப் பெரியதுரையற்றை தாயைக் கொண்டுவரேக்கையும் இப்பிடித்தான் இருந்தனான். அண்டைக்கு நீ கை தட்டினனி."

"மறிக்கிறதுக்கும் ஒரு அளவிருக்கு. நாயே நீ? ஒரு மனுசிக்கு இப்பிடிச் செய்ய மனம் வருமே?"

அவள் அவனை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீ பதினேழு தரம் கையெழுத்து வைச்சனி. என்னைக் கடந்து போறதெண்டால் கடந்து போ."

சுதாகரன் ஒரு அடி எடுத்து வைத்தான். பெட்டி முன்னுக்கு இழுபட்டது. நான் கால் வைக்கவில்லை. வீரத்தில் அல்ல. அவளுடைய முழங்காலுக்கும் என்னுடைய பாதத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அதற்குமேல் என் கால் போகவில்லை. தோள் எரிந்தது. நான் குனிந்தேன். ஒரு மூலை இறங்கினால் மற்ற மூன்றும் இறங்கத்தான் வேண்டும். யோகராசாவைத் தெருவில் வைத்துவிட்டோம். வழியில் பிரேதத்தை இறக்கக்கூடாது. பின்னால் படலையில் யாரோ பெண்பிள்ளை "ஐயோ" என்று கத்தினாள்.

சுதாகரன் என் கன்னத்தில் அறைந்தான். இன்னும் அறையட்டும் என்று நின்றேன். அவன் அறையவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதான். அண்ணன் செத்ததில் இருந்து அதுவரை அவன் அழவே இல்லை.

முக்கால் மணி நேரம் வெயிலுக்குள் பெட்டி கிடந்தது. மருமகன்காரன் கை உளைந்து போனை மற்றக் கைக்கு மாற்றினான். பிறகு யாரோ போய் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று பிடித்து வந்தார்கள். பெட்டியை ஏற்றினோம்.

முதல் போன சுடலையில் "எந்த இடம்?" என்று கேட்டார்கள். சொன்னோம். "இது எங்கடை ஊராக்களுக்கு மட்டும்" என்றார்கள். கடற்கரைப் பக்கம் பொதுச் சுடலை ஒன்று இருந்தது, எட்டு மைல். அங்கே ஐந்தரை மணிக்குச் சுதாகரன் கொள்ளி வைத்தான். காத்து அடித்து விறகு நன்றாகப் பிடித்தது. திரும்பி வரும்போது லான்ட்மாஸ்டரின் இழுவைப் பெட்டிக்குள் பதினொரு பேர் இருந்தோம்.

வழக்கின் அடுத்த தவணைக்கு மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி ஒரு படமும் காட்டவில்லை. எரிக்கிற படம் அவர்களிடம் இல்லை. தடையை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டித்தார்கள். சண்முகநாதன் வெங்காயம் கிண்ட எங்கள் ஒழுங்கையில் இருந்து எல்லாரையும் கூப்பிட்டார், உதயகலாவைத் தவிர. அவள் விடிய பஸ் ஏறி நெல்லியடிப் பக்கம் போகிறாள். அங்கே கூலி இருநூறு ரூபாய் குறைவு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சுதாகரன் கீரிமலைக்குப் போய்ச் செய்யவேண்டியதெல்லாம் செய்தான். மத்தியானம் அவள் வீட்டில் கை நனைக்கவில்லை. படலையில் நின்றே போய்விட்டான். அறுபது பேருக்குச் சமைத்திருந்தாள். பதினாலு பேர் வந்தோம். தறப்பாளுக்குள் அவளோடு இருந்த பெண்களிலும் பாதிப்பேர் வரவில்லை. புருசன்மார் விட்டிருக்க மாட்டார்கள்.

நான் இலையை எடுத்து எழும்பியபோது அவள் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். குசினிச் சுவர் முகட்டுவரைக்கும் சுடலைப் புகையின் கறுப்பு. அவள் அதை வெளுக்கவில்லை.

"ஆவணி பதினெட்டு தவணை, தம்பி," என்றாள். "இந்தமுறை ஒழுங்கையால ஆரெண்டாலும் வந்து சாட்சி சொல்லவேணுமாம். புகையைப் பற்றி. நீ வருவியே?"

அன்றைக்குச் சண்முகநாதன் தோட்டத்தில் எனக்கு வேலை. சாட்சி சொல்லப் போனால் அதற்குப் பிறகு அங்கே வேலை இருக்காது.

"பாப்பம், அக்கா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மிச்சச் சோற்றை மூடினாள்.