மழையைக் குலுக்கக் கூடாது

என் அக்கா மகளுக்கு வாய் கிடையாது, கைதான் உண்டு. அந்தக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் தையல் கடைக்கு வந்துவிடுவாள். அக்கா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகிறவரை அவள் என் பொறுப்பு. பொறுப்பு என்றால் வேறொன்றுமில்லை, என் கடைச் சாமான்களை அவளிடமிருந்து காப்பாற்றுவது. கத்தரிக்கோலின் பிடியை மேஜையில் மாற்றி மாற்றித் தட்டுவாள், குதிரை ஓடும். காலருக்கு வைக்கிற கஞ்சித் துணியை உதறுவாள், புறா பறக்கும். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் கத்துவேன். வீட்டில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டமாரம்.

இந்த வருஷம் அவள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நாடகம். நாடகத்தின் நடுவில் மழை வரும். மழை வந்ததும் பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நீலப் பாவாடை தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அளவு கொடுக்க வந்த கும்பலில் டமாரமும் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா நடக்கும்போதே கதவில் இடித்துக்கொள்கிறவள் அவள்.

"நீயாடி ஆடப்போற?"

"எல்லாரும் சேர்ந்தாங்க, சித்தி."

எல்லாரும் என்பது உண்மையில் ஒரே ஒருத்திதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் அவளுக்குத் தலைவி என்று பெயர் வைத்தேன். அவள் எந்தப் பக்கம் பின்னலைப் போடுகிறாளோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களுக்கும் பின்னல். அவள் சிரித்தால் சிரிப்பு, முறைத்தால் முறைப்பு. மதியம் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்றும் தினமும் அவள்தான் சொல்வாளாம். ஒரு நாட்டை ஆள்கிறவர்கள்கூட இவ்வளவு பாடுபடுவதில்லை.

"உனக்கு எந்த இடம்?" என்று டமாரத்தைக் கேட்டேன்.

"கடைசி. ஆனா அதே பெஞ்சு."

"பெரிய பதவிதான்."

அவள் சிரிக்கவில்லை. "இந்த ஸ்கூலுக்கு வந்த புதுசுல நான் தனியாத்தான் சாப்பிட்டேன், சித்தி. சாப்பாட்டு நேரம் எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள். நான் கேலியைப் பாதியில் விட்டேன். எனக்கு அது அபூர்வம்.

அடுத்த வாரம் என் பொத்தான் டப்பாவைக் காணவில்லை. கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டு அவளைப் பிடித்து உலுக்கினேன். டப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கிறதாம். மேடையை ஒட்டி உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற ஓர் அறை. அங்கேதான் நாடகத்துக்குச் சத்தம் கொடுக்கிற கூட்டம் இருந்தது. கூட்டம் என்ன கூட்டம், இரண்டே பேர். ஏணி என்கிற நெட்டைப் பையன், தும்மல் என்கிற ஒரு பெண். அந்த அறைத் தூசியில் அவளுக்குத் தும்மல் நிற்கவே நிற்காதாம், இருந்தும் வேறெங்கும் போகமாட்டாளாம். ஆட்டத்துக்கு இடைவேளை விட்டதும் டமாரம் அங்கே ஓடிவிடுகிறாள்.

"பெரிய தட்டுல ஒரு துணிய விரிச்சு, அதுமேல பொத்தானைப் போட்டு மெதுவா சாய்க்கணும், சித்தி. முதல்ல கோட்டுப் பொத்தான், அது பெரிய துளி. அப்புறம் சட்டைப் பொத்தான், அது விடாம பெய்யற மழை. குலுக்கவே கூடாது. குலுக்கினா மழை மாதிரியே இருக்காது..."

அக்கா வருகிறவரை நிறுத்தாமல் பேசினாள். இவளுக்கு வாயும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பொத்தானுக்காகத் திட்ட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"அப்ப அங்கயே சேர்ந்து தொலைய வேண்டியதுதானே?"

"சேர்ந்தா பெஞ்சு போயிடும்" என்றாள். கை மறுபடி கத்தரிக்கோலுக்குப் போயிற்று.

பாவாடை கட்டி ஒத்திகை பார்க்கிற நாளன்று ஊசி நூலோடு நானும் போயிருந்தேன். மேடை ஓரத்தில் மண்டியிட்டு, வாய் நிறையக் குண்டூசியோடு ஒருத்திக்கு ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். நாடகத்தில் மழை வருகிற இடம் வந்தது. வந்தது மழை இல்லை, காய்ந்த எண்ணெயில் யாரோ எதையோ அள்ளிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பாட்டு ஆரம்பித்தது, பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். டமாரம் மட்டும் காலைத் தூக்கியபடி நின்று காதைத் தீட்டினாள். அப்புறம், தான் மேடையில் இருப்பதையே மறந்துபோய், வரிசையை விட்டு விறுவிறுவென்று அந்த அறைக்குள் நடந்து போய்விட்டாள்.

"துணி எங்க? குலுக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்கிற அவள் குரல் மட்டும் மேடைக்குக் கேட்டது.

அவள் விட்டுப்போன இடத்தில் இரண்டு பேர் சுழன்று வந்து மோதிக்கொண்டார்கள். ஒருத்தி தலைவிமேலேயே போய் விழுந்தாள். டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு, விழுந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். அந்தச் சாக்கில் தலைவி நேராக அறை வாசலுக்கு வந்தாள், பின்னாலேயே நானும்.

"இங்க பாரு. ஒண்ணு நாங்க, இல்ல இந்தத் தட்டு. இங்க இருந்தா நாளைலேர்ந்து எங்க பெஞ்சுக்கு வராத."

டமாரத்துக்குக் கண் நிரம்பிவிட்டது. எனக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. வாயில் குண்டூசி இருந்ததால் அந்தப் பள்ளிக்கூடம் தப்பித்தது.

தும்மல் ஒரு தடவை தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ ஆட்டத்துலயே இரு, பரவால்ல. துணிய எப்படி விரிக்கணும்னு மட்டும் காட்டிட்டுப் போ. எங்க வேணா சாப்பிடு, எப்ப வேணா இங்க வா. என் பக்கத்துல உட்கார்ந்தா சாப்பாட்டுல தும்முவேன், அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்."

டமாரம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை எந்தப் பொத்தானாலும் போடமுடியாது. அப்புறம் நேராக என்னிடம் வந்து, "சித்தி, இந்தப் பாவாடைய அவிழ்க்கணும்" என்றாள்.

இடுப்பில் அத்தனை மடிப்பு வைத்துத் தைத்த பாவாடை அது. வயிறு எரிந்தது. ஆனால் கொக்கியை அவிழ்க்கும்போது அவள் முதுகைத் தட்டிக்கொடுக்காமல் இருக்க முடியவில்லை. என் அக்கா பெண்ணா இது என்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

விழா அன்று சாயங்காலம் மழை வந்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளி, அப்புறம் சோவென்று. எனக்கு முன்னால் இருந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பொத்தானுக்குச் சொந்தக்காரி நான், எனக்கே மாடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்து பாதி எழுந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் என் டப்பாவை மீட்க அந்த அறைக்குப் போனேன். நீளமான உடைந்த பெஞ்சு ஒன்றில் மூன்று பேரும் உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பங்கிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த நாடகத்தில் ஒரு ராஜா குறட்டை விட வேண்டுமாம், அதற்கு எதைத் தேய்ப்பது என்று சண்டை. டமாரம்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் தலைவி வந்து நின்றாள். கையில் டிபன் டப்பா. ஆட்டத்தில் கடைசிச் சுற்றில் அவள்தான் தப்பாகத் திரும்பிவிட்டாள், நானும் பார்த்தேன். அவளுடைய கூட்டம் அவளிடம் படித்த பாடத்தை மறக்காமல், அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

"ஆன்ட்டி, ஊக்கு இருக்கா?" என்றாள் என்னிடம்.

நான் தைத்தது பிரியாது. அவள் கண்ணும் என்மேல் இல்லை, பெஞ்சின்மேல் இருந்தது. ஆகா, இப்போது இருக்கிறது உனக்கு என்று நான் சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டேன்.

டமாரம் அவள் முகத்தைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த டிபன் டப்பாவைப் பார்த்தாள். தும்மலை இடித்து நகரச்சொல்லி, தானும் நகர்ந்தாள்.

"இங்க உட்காரு. அந்த ஓரத்துல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, பார்த்து."

நானாக இருந்தால் ஆணியைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டேன்.