இரண்டாவது பிரேக்

கார் திருடு போனவனைப் பார்த்தால் உலகத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தோன்றும். "பூட்டினீங்களா?" ஏதோ அவனே கதவைத் திறந்து வைத்து, சாவியைக் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்று வழியனுப்பியது போல. டிரைவிங் மாஸ்டரிடம் அவர் மனைவி கேட்டாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார். கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவரும் கேட்டார்.

"பூட்டிட்டுத்தான் சார் மேல போனேன். காலையில இறங்கி வந்து பாத்தா இடம் காலி."

"என்ன வண்டி?"

"பழைய வண்டிதான் சார். ஆனா டிரைவிங் ஸ்கூல் வண்டி. சொல்லிக் குடுக்கிறவர் சீட்டுப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பாத்தாலே தெரிஞ்சிடும்."

"ரெண்டு பிரேக் இருந்துமா ஓடிப் போச்சு?" என்றார் எழுதுகிறவர், நிமிராமலே. பக்கத்து மேசையில் இருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்து வைத்தார். புகார் கொடுக்கப் போனவன் போலீஸ்காரருடைய வேடிக்கைக்குச் சிரிக்காமல் வீடு திரும்ப முடியுமா என்ன? கிடைத்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வண்டிதான் அவருக்குச் சோறு போட்டது. அவர் எடுத்திருந்த இன்ஷூரன்ஸோ யார் மேலாவது மோதினால் உதவும், திருட்டுக்கு உதவாது. பழகிக்கொண்டிருந்தவர்கள் முதலில் அனுதாபமாகப் பேசினார்கள், அப்புறம் பேச்சைக் குறைத்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக மெயின் ரோட்டு ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார்கள். மாஸ்டர் தினமும் ஸ்டேஷனுக்கு நடந்தார். "இன்னும் வரல" என்பார்கள் அங்கே. வண்டி தானாக ஊர்ந்து வந்து வாசலில் நிற்கும் என்று அவர்களும் காத்திருந்தார்கள் போலும்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய சகலையின் கார் திருடு போனது.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். பல் டாக்டர். வெள்ளை நிறத்தில், கப்பல் மாதிரி ஒரு கார். சேதி வந்ததும் மாஸ்டர் "அடப் பாவமே" என்று வாயால் சொன்னார். பொய் சொல்வானேன், மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இனி அவனும் அந்த மேசைக்கு முன்னால் நிற்பான், பூட்டினீங்களா என்று அவனையும் கேட்பார்கள். ஆறுதல் சொல்ல ஆசையாகவே கிளம்பிப் போனார்.

போனால், கூடத்து சோபாவில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றிக் கொடுத்தவர் டாக்டராம். பல்லுக்கு இருக்கிற செல்வாக்கு பார்த்தீர்களா!

"கவலையே படாதீங்க டாக்டர். எல்லாருக்கும் சொல்லியாச்சு. உங்க வண்டி ஊர் எல்லையத் தாண்டாது."

டாக்டர் மாஸ்டரைப் பிடித்து முன்னால் இழுத்தார். "சார், இவரு எங்க அண்ணன் மாதிரி. இவரு வண்டியும் போயிடுச்சு. எனக்காவது வேற வருமானம் இருக்கு, இவருக்கு அதுதான் பொழப்பே. அத முதல்ல பாருங்களேன்."

இன்ஸ்பெக்டர் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். "புகார் குடுத்திருக்கீங்களா?"

"தினமும் வந்துட்டுத்தான் சார் இருக்கேன்."

"பாப்போம்."

டாக்டருக்குக் கவலையே படாதீங்க. மாஸ்டருக்குப் பாப்போம். வீட்டுக்கு வந்தால் மனைவி அதையே பெருமையாகப் பேசினாள். "தங்கச்சி வீட்டுக்கு இன்ஸ்பெக்டரே வந்தாராமே! நம்ம வீட்டுக்கு ஒரு போலீஸ்காரன் எட்டிப் பாக்கல."

"நான் யாருக்கும் பல்லு பிடுங்கலையே," என்று எரிந்து விழுந்துவிட்டு மாஸ்டர் சாப்பிடாமல் படுத்தார்.

அவருக்கு வயிறு எரிவது புதிது இல்லை. மாமனார் வீட்டில் டாக்டர் வந்தால் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவார்கள். மாஸ்டர் வந்தால், "நீங்க நம்ம ஆளுதானே, அப்படி ஓரமா உக்காருங்க" என்பார்கள். இத்தனைக்கும் அந்த டாக்டருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். வெள்ளைக் காரை வாங்கிய முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனதும் இவர்தான். டாக்டர் பின்னால் எடுத்தபோது தூண் வந்தது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். அது அவர் வண்டி இல்லையே! காலுக்குக் கீழே வெறும் மிதியடிதான் இருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே வளைந்து ஒரு கீறல் விழுந்தது. "பரவாயில்லண்ணா, உங்க ஞாபகமா இருக்கட்டும்" என்று சிரித்த டாக்டர் அதைச் சரி செய்யவே இல்லை. அதற்கும் மாஸ்டருக்குக் கோபம் வந்தது. தன் வண்டியில் கீறல் விழுந்தால் ஓட்டை வண்டி என்கிறார்கள், இவன் வண்டியில் விழுந்தால் ஞாபகமாம்.

மாஸ்டரை விட்டுப் போகாமல் இருந்தது பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மட்டும்தான். சொந்தக் கார் இருந்ததால் அதிலேயே பழகிக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் பழக்குவதற்கென்று டிரைவிங் மாஸ்டர்களுக்கு மட்டும் தெரிந்த தெருக்கள் சில எந்த ஊரிலும் இருக்கும். ஆள் வராது, நாய் கூடப் படுக்காது. அப்படி ஒரு தெருவுக்கு, பழைய கிடங்குகளுக்குப் பின்னால், ஒரு சாயங்காலம் அவளை அழைத்துப் போனார். இழுத்து மூடிய ஷட்டர் ஒன்றின் முன்னால் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றது. தார்ப்பாய் கொஞ்சம் குட்டை. பின் சக்கரத்துக்கு மேலே வளைந்த கீறல் தெரிந்தது.

மாஸ்டரின் கால் தானாக மிதியடியை அழுத்தியது.

"என்ன சார், தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. நேரா போங்க."

ஷட்டருக்கு உள்ளேயிருந்து இரும்பு அறுக்கும் சத்தம் கிறீச் கிறீச்சென்று வந்தது. ஏதோ பட்டறை என்று நினைத்துக்கொண்டார். தெருமுனையில் இறங்கிப் போனை எடுத்தார். டாக்டரின் எண்ணும் வந்துவிட்டது. அழைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் ஜீப் பறந்து வரும். இன்ஸ்பெக்டர் ஓடி வருவார். மாமனார் வீட்டில் டாக்டரின் அதிர்ஷ்டத்தைப் பற்றி ஒரு மாசம் பேசுவார்கள். கண்டுபிடித்தது யார் என்பது இரண்டாவது நாளே மறந்து போகும். என் வண்டியைத் தேட ஒரு ஆள் இல்லை, இவன் வண்டிக்கு நான் ஓசியில் துப்புச் சொல்ல வேண்டுமா?

நாளைக்குச் சொல்லலாம், ஒரு நாள் அவன் பஸ்ஸுக்கு நிற்கட்டும் என்று போனைப் பைக்குள் போட்டார். அன்றைக்கு ராத்திரிதான் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஸ்டாப் பக்கம் போனார். டாக்டர் சாப்பாட்டுப் பையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கண் குளிரப் பார்த்துக்கொண்டு நின்றவரை டாக்டரே கண்டுவிட்டுக் கை ஆட்டினார்.

"அண்ணா! பஸ்ல போறது நல்லாத்தான் இருக்கு. நேத்து பக்கத்துல உக்காந்தவரு வாயத் திறந்து காட்டினாரு, ரெண்டு சொத்தை. இன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

மாஸ்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கஷ்டப்படக்கூடத் தெரியாதவனா இவன்? சரி, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று தவணையை நீட்டினார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, உடனே கிடங்குத் தெருவுக்கு வாங்க. ரோந்து போலீஸ் என் வண்டியப் பாத்துட்டாங்க. உள்ள... உங்க வண்டியும்..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ஷட்டர் திறந்து கிடந்தது. மாஸ்டருடைய வண்டியின் கதவுகள் நான்கும் சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. இன்ஜின் இல்லை. மேலே வைக்கிற டிரைவிங் ஸ்கூல் பலகை எண்ணெய்த் தரையில் கவிழ்ந்து கிடந்தது. மிச்சம் இருந்த கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உட்கார ஒரு சீட் இல்லை.

பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். இரக்கத்தோடு பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். "இத்தனை நாளா முழுசாத்தான் வச்சிருந்தானுங்க சார். முந்தாநேத்து சாயங்காலம்தான் வெட்டவே ஆரம்பிச்சிருக்கானுங்க. உங்க வண்டி உள்ள எடத்த அடைச்சிட்டிருந்ததால டாக்டர் வண்டி வெளிய நின்னிருக்கு, பாருங்க. யாராவது ஒருத்தர் பாத்து அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தா, உங்க வண்டிய நீங்களே ஓட்டிட்டுப் போயிருக்கலாம்."

அந்தக் கிறீச் கிறீச் சத்தம் மாஸ்டரின் காதில் மறுபடி கேட்டது. தன் வண்டியை அறுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நேரா போங்கம்மா என்று சொல்லியிருக்கிறார்.

"இது என்னன்னு தெரியல, மூலையில கிடந்துச்சு." சப்-இன்ஸ்பெக்டர் கம்பியோடு ஒரு மிதியை நீட்டினார். ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. மாஸ்டரின் கால் தேய்த்த தேய்மானம். "யாரும் வாங்க மாட்டாங்கன்னு தூக்கிப் போட்டிருப்பானுங்க. வழக்கு முடியுற வரைக்கும் எதையும் குடுக்கக் கூடாது. டாக்டர் கேட்டாரேன்னு இன்ஸ்பெக்டர் இத மட்டும் எடுத்துக்கச் சொன்னாரு."

தன்னுடைய பிரேக்கை வாங்குவதற்கும் பல் டாக்டரின் சிபாரிசு தேவைப்பட்டது.

வெள்ளைக் காரையும் டாக்டர் முகத்துக்காக அன்றைக்கே விட்டுவிட்டார்கள். மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மிதியை மடியில் வைத்துக்கொண்டார். சிக்னலில் நின்றபோது டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, தப்பா நினைக்கக் கூடாது. இந்த வண்டிய நீங்க வச்சுக்குங்க. அந்த பிரேக்க இதுல மாட்டிக்கலாம்னு மெக்கானிக் சொன்னான், கேட்டுட்டேன். எனக்கு பஸ் பழகிடுச்சு."

சொல்லிவிடலாம், நான் பார்த்தேன், முந்தாநேத்தே பார்த்தேன் என்று. வாயையும் திறந்தார். டாக்டர் அதையும் கேட்டுவிட்டு, பரவாயில்லண்ணா என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் மாஸ்டர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வெட்கத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் அவருக்கு வந்தது பொறாமைதான். காரைப் பார்த்து இல்லை. இப்படிக் கொடுக்க இவனுக்கு மனசு வருகிறதே, எனக்கு ஒரு போன் போட வரவில்லையே என்று.

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது.

"என்னண்ணா," என்றார் டாக்டர், குனிந்து பார்த்து. "நான் மெதுவாத்தானே போறேன். எதுக்குக் கால இப்படிப் போட்டு அழுத்தறீங்க?"