ஃபோட்டிஸ் வீட்டுப் பச்சைக் கோடு

ஃபோட்டிஸ் கண்காணிக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் அந்த வீட்டு இணையத்துக்குச் சனி பிடித்தது. அதற்கு முன்பு, கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த ரூட்டர் அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. இணையம் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கிரேக்க நாட்டு வோலோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதருக்கு அது போதாதா? போதவில்லை. கம்பெனிக்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று சொல்லி, ஃபயர்வால் ரூட்டர் ஒன்றை வரவழைத்து, பழையதைக் கழற்றிப் பரணில் போட்டார்.

புதுப் பெட்டியில் இணைப்பின் தரத்தைக் கண்காணிக்கும் வசதி இருந்தது. வெளியுலகில் ஏதாவது ஒரு விலாசத்தைச் சொல்லிவிட வேண்டும். பெட்டி விநாடிக்கொரு தரம் அந்த விலாசத்தைத் தட்டி, ‘இருக்கியா?’ என்று கேட்கும். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால் திரையில் பச்சைக் கோடு ஓடும். ஒரு நிமிடம் பதில் வராவிட்டால் கோடு சிவக்கும். இணைப்பு செத்துவிட்டது என்று பெட்டி முடிவுகட்டி, அதை அறுத்து மறுபடி இணைக்கும். பதில் வரும்வரை அறுத்து அறுத்து இணைக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் பெரிய நிறுவனம் ஏதாவது ஒன்றின் விலாசத்தைக் கொடுப்பார்கள். ஃபோட்டிஸ் திருடர்களை நம்புவாரா? பக்கத்து நகரமான லாரிஸாவில் இருக்கும் சராண்டிஸ் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். சராண்டிஸ் அவருடைய கும்பாரோஸ். கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மலர்க்கிரீடம் மாற்றி வைத்தவன், மகளுக்கு ஞானத்தந்தை. கூடப்பிறந்தவன் கைவிட்டாலும் கும்பாரோஸ் கைவிடமாட்டான். சராண்டிஸ் வீட்டு ரூட்டரைப் பொருத்தியதும் ஃபோட்டிஸ்தான் என்பதால், வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முடிந்ததும் அவர் அதை மறந்தும் போனார்.

அவஸ்தைப்பட்டது மனைவி தியோனி. வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் கிரேக்கம் சொல்லித்தருவது அவள் வேலை. ஜெர்மனியில் இருக்கும் ஒரு பள்ளிக்காக, ஞாயிறு தவிர தினமும் மாலை ஏழிலிருந்து எட்டு வரை. பெட்டி வந்த அந்த இரண்டு மாதமும் ஏழு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்தது. வரும், போகும், மறுபடி வரும். மாணவர்கள் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்கள். பள்ளி இரண்டு முறை எச்சரித்துவிட்டது. வியாழக்கிழமை தலைமை ஆசிரியை ஃபிராவ் ஹெல்மா வகுப்பில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாள். அன்றும் அறுந்தால் தியோனிக்கு வேலை இல்லை.

“இங்க பாரு ஃபோட்டிஸ், வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை அந்தச் சனியன் நின்னுச்சு, பெட்டியைத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன். நீ தடுத்தா உன்னையும் சேர்த்து.”

“பெட்டி என்னடி பண்ணும்? அது இருக்கறதாலதான் கோளாறு இருக்குன்னே நமக்குத் தெரியுது!”

“அது வர்றதுக்கு முன்னாடி கோளாறே இல்லையே!”

“இருந்துச்சு. நமக்குத் தெரியல.”

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

ஆனால் ஃபோட்டிஸ் சும்மா இருந்தார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு நோட்டில் ஒவ்வொரு அறுப்பையும் நேரத்தோடு எழுதினார். கம்பெனிக்குப் பதினொரு முறை போன் போட்டார். “எங்க பக்கத்துல லைன் சுத்தமா இருக்கு சார்” என்று பதினொரு பெண்கள் சொன்னார்கள். கேபிளை மாற்றினார். லிஃப்ட் மோட்டார்தான் காரணம் என்று கட்டடத்துக்காரர்களோடு சண்டை போட்டார். கடைசியில், ஏழு மணிக்குத்தான் எல்லா வீட்டிலும் குளிப்பதற்குக் கீஸர் போடுகிறார்கள், அதில்தான் மின்சாரம் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, தன் வீட்டில் மாலைக் குளியலுக்கே தடை போட்டார்.

வியாழக்கிழமை வந்தது. தியோனி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃபோட்டிஸ் கூடத்தில் கண்காணிப்புத் திரை முன்னால் உட்கார்ந்தார். ஏழு மணி. பச்சை. ஏழு ஐந்து. பச்சை. ஏழு பத்து. அப்போதும் பச்சை. கீஸர்தான்! நான் சொன்னேனா இல்லையா! அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

போன் அடித்தது. சராண்டிஸ்.

“கும்பாரே, ஞாயித்துக்கிழமை வர்றப்போ சீப்புரோ சாராயம் ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வரவா, மூணா? சீக்கிரம் சொல்லு. சீட்டாட்டத்துக்கு நேரமாச்சு. பிளம்பர் வந்து கழுத்தறுத்துட்டான், இல்லன்னா ஏழுக்கே கிளம்பியிருப்பேன்.”

“தினமும் ஏழுக்கா போற?”

“ஞாயிறு தவிர. அன்னிக்குச் சீட்டாடுற காபிக் கடை லீவு. சரி, போர்டை அணைச்சுட்டுக் கிளம்புறேன்.”

“எந்தப் போர்டை?”

“கரண்ட் போர்டைத்தான். என் சித்தப்பா மகன் கீஸரை மறந்து போட்டுட்டுப் போயி, அது வெடிச்சதுலேருந்து நான் வெளிய போறப்போ ஃபிரிட்ஜ் தவிர எல்லாப் பொத்தானையும் கீழ தள்ளிடுவேன். என் வீட்டுக்காரி ஃப்ரோசோ பேக்கரியை மூடிட்டு ஒம்பதுக்குத்தான் வருவா.”

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கீஸரை அணைத்தோமா என்று மூன்று தரம் யோசிக்காத கிரேக்கன் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் வீட்டையே அணைப்பவன் சராண்டிஸ் ஒருவன்தான். ஃபோட்டிஸ் நோட்டைப் புரட்டினார். ஏழு மணிக்கு அறுப்பு, ஒன்பதுக்குச் சரி. ஞாயிறுகளில் சுத்தம். பிப்ரவரியில் மூன்று நாள் சுத்தம். அந்த மூன்று நாளும் சராண்டிஸ் காய்ச்சலில் படுத்திருந்தான். லைனில் ஒரு கோளாறும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இரண்டு மாதமாகப் பெட்டி கண்காணித்தது இணைப்பை அல்ல, சராண்டிஸ் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்பதை.

விலாசத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் மாற்றிச் சேமித்தால் பெட்டி முதலிலிருந்து கிளம்பும். மூன்று நிமிடம் இருட்டு. உள்ளே ஃபிராவ் ஹெல்மா உட்கார்ந்திருக்கிறாள்.

“சராண்டிஸ், போர்டைத் தொடாதே! நீ பொத்தானைத் தள்ளினா இங்க என் இணையம் அறுந்துடும்.”

சராண்டிஸ் சிரித்தான். “வோலோஸ்ல மழைன்னா நான் லாரிஸாவுல குடை பிடிக்கணுமா? ரெண்டு மாசமா கம்பெனித் திருடன்னே, அப்புறம் லிஃப்டுன்னே. இப்ப நானா?”

“நெஜமாத்தான்டா. ரூட்டர் பொத்தானை மட்டுமாவது விட்டு வை.”

“எது ரூட்டர் பொத்தான்னு எனக்கென்ன தெரியும்? ஓரத்துல இருக்கற ஃபிரிட்ஜ் பொத்தான் ஒண்ணுதான் தெரியும். பெயிண்ட் அடிச்சப்போ பொத்தான் மேல ஒட்டியிருந்த பேரெல்லாம் போயிடுச்சு. அது கீஸரா இருந்து தொலைஞ்சா?” சராண்டிஸின் குரல் மாறியது. “அதென்னடா, எது நடந்தாலும் தப்பு என் தலையிலதான் வந்து விழும்? அன்னிக்கு ஆட்டைக் கருக்கினதும் நானு, இன்னிக்கு உன் இணையத்தை அறுக்கிறதும் நானா?”

ஆடு. எட்டு வருடத்துக்கு முந்தைய ஈஸ்டர். சராண்டிஸ் வீட்டு முற்றத்தில் நாற்பது விருந்தாளிகள். கம்பியில் சுழன்ற முழு ஆடு கரிக்கட்டையானது. கும்பாரோக்கள் இருவரும் முறை வைத்துச் சுற்றினார்கள். யார் முறையில் கருகியது என்பதில் இன்றுவரை வழக்கு. ஆள் அந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் நகரமாட்டான் என்பது ஃபோட்டிஸுக்குத் தெரியும். தெரிந்தே கொக்கியைப் போட்டார்.

“நீதானே கருக்கினே!”

“நானா? உன் முறைடா அது!”

“நான் உன்கிட்ட கம்பியைக் குடுத்துட்டு ஒயின் எடுக்கப் போனேன்.”

“பொய்! பச்சைப் பொய்!”

ஏழு முப்பது. பச்சை. ஏழு முப்பத்தைந்து. பச்சை. ஃபோட்டிஸ் அடுப்பில் விறகு தள்ளுவதுபோல ஒவ்வொரு பொய்யாகத் தள்ளினார். கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டார்.

“போதும்டா! போன்ல பேசி ஆகாது. இப்பவே காரை எடுத்துட்டு வோலோஸ் வர்றேன். மூஞ்சிக்கு நேரா சொல்லு பார்ப்போம். போர்டை அணைச்சுட்டுக் கிளம்புறேன், இரு!”

காலடி ஓசை கேட்டது. போர்டின் சின்னக் கதவு திறக்கும் கிரீச்சொலியும் கேட்டது. உள்ளறையில் தியோனி நிதானமாக, இனிமையாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் குரல் இப்படி இருந்ததே இல்லை. ஃபோட்டிஸ் போனை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

“நான்தான்டா,” என்றார்.

“என்ன நீதான்?”

“ஆட்டைக் கருக்கினது. என் முறைதான். ஒயின் எடுக்கப் போகல. உள்ள உன் பழைய ரூட்டரைப் பார்த்தேன், அதைச் சரிபண்ண உட்கார்ந்தேன். கம்பி ஞாபகமே வரல. வெளிய வந்தப்போ எல்லாரும் உன்னைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. நான் வாயைத் திறக்கல. மன்னிச்சுடு கும்பாரே.”

கோடு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

“எட்டு வருஷம்டா,” என்றான் சராண்டிஸ் மெதுவாக. “என் மாமனார் என்னை எட்டு வருஷமா ‘கரி’ன்னுதான் கூப்பிடுறார். பேர் சொல்லி ஒருதரம் கூப்பிட்டதில்ல.” மூக்கை உறிஞ்சினான். “இரு. போனை வைக்காதே. கீழ்வீட்டுலதான் இருக்கார், கூட்டிட்டு வர்றேன். அவர்கிட்டயும் சொல்லு.”

“போர்டு?”

“போர்டு கிடக்குது போ! சீட்டும் கிடக்குது!”

மாமனார் அர்ஜீரிஸுக்கு எண்பத்தாறு வயது, மாடி ஏறக் கால் மணி நேரம். ஏழு ஐம்பத்தாறுக்கு அவருடைய மூச்சிரைப்பு போனில் கேட்டது. காது சுத்தமாகக் கேட்காது.

“ஐயா, ஆட்டைக் கருக்கினது நான்!”

“யாரு?”

“நான்! ஃபோட்டிஸ்!”

“என்னத்தை?”

ஃபோட்டிஸ் எழுந்து நின்று, துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து கத்துகிற குரலில் கத்தினார். “ஆட்டை! ஈஸ்டர் ஆட்டை! கருக்கினது நான்தான்! சராண்டிஸ் மேல ஒரு தப்பும் இல்ல!”

உள்ளறையில் பாடம் சட்டென்று நின்றது.

எட்டு ஐந்துக்குத் தியோனி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஃபோட்டிஸ் வியர்வையில் குளித்திருந்தார். எப்படியோ அன்றைய குளியல் தடை மீறப்பட்டது.

“ஒருதரம்கூட அறுந்து போகல,” என்றாள். “வேலை நிலைச்சிருச்சு. நீ கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒருத்தர் விடாம எழுதிக்கிட்டாங்க. ஃபிராவ் ஹெல்மா, ‘அப்புறம் விருந்தாளிங்க என்ன சாப்பிட்டாங்க?’ன்னு கேட்டா. அவிச்ச முட்டைன்னு சொன்னேன்.”

“பார்த்தியா! நான் சொன்னேன்ல, சரிபண்ணிடுவேன்னு...”

“எட்டு வருஷமா என்கிட்டயும் சராண்டிஸ்தான் கருக்கினான்னு சொன்னே.”

ஃபோட்டிஸ் திரையைப் பார்த்தார். திரை உதவவில்லை.

“இந்த ஈஸ்டருக்கு ஆட்டை முதல்லேருந்து கடைசிவரை நீதான் சுத்தணும். போன் என் பையில இருக்கும்.”

விலாசத்தை அன்றே மாற்றினார். ஈஸ்டரன்று லாரிஸாவில் ஐந்து மணி நேரம் கம்பியைச் சுற்றினார். கை கழன்றுவிடும்போல் இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அர்ஜீரிஸ், “சராண்டிஸ், இந்தக் கரி ஒழுங்கா சுத்துறானான்னு பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆடு பொன்னிறமாக வெந்தது. அன்று முழுவதும் வோலோஸில் இருந்த பெட்டியை யாரும் பார்க்கவில்லை. இணைப்பு ஒரு விநாடிகூட அறுந்து போகவில்லை.